‘சக்கரை கம்மி, மாஸ்டர்!’

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் டீக்கடைகளுக்குத் திருவிழாதான். துறைமுகத்துக்குள் போய்க் கன்டெய்னர் பெட்டியை இறக்கும்வரை ஓட்டுநர் வண்டியை விட்டு அகல முடியாது. அசந்து தூங்கவும் முடியாது. முன்னால் நிற்கும் வண்டி எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்? மிச்சமிருக்கும் ஒரே காரியம் டீ குடிப்பது. விடிந்ததும் ஒன்று, வரிசை நகர்ந்தால் ஒன்று, நகராவிட்டால் ஒன்று, பக்கத்து வண்டிக்காரர் வாங்கிக் கொடுத்தால் இன்னொன்று. கண்ணாடி கிளாஸில் மாஸ்டர் முதலில் போடுவது சர்க்கரை. பாலும் டிகாஷனும் அப்புறம்தான்.

கிளாஸுக்கு 2 ஸ்பூன் என்று வைத்தால் சுமார் 10 கிராம். ஐந்து டீக்கு 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படும் சர்க்கரையின் உச்சவரம்பே இந்த 50 கிராம்தான். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறார்கள். பஜ்ஜி, பன், பிஸ்கட், கூல்டிரிங்ஸ் எதையும் தொடாமலேயே டீயிலேயே கோட்டா முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை யாரும் பெஞ்சில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அதே கடையில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தால், நடுவயதைத் தாண்டிய ஒருவர் கல்லாப் பக்கம் திரும்பாமலேயே ஒரு குரல் கொடுப்பது கேட்கும்: “சக்கரை கம்மி, மாஸ்டர்!”

மூன்றே சொல். கிராம் இல்லை, கலோரி இல்லை, டயட் சார்ட் இல்லை. இது மாதிரியான கையடக்க விதிகள் மனிதர்களை உண்மையிலேயே நன்றாகச் சாப்பிட வைக்கின்றனவா, அல்லது மனத்தைத் தேற்றிக்கொள்ள மட்டும்தான் உதவுகின்றனவா? வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காது. ஷிப்ட் வேலை, நின்றபடி சாப்பாடு, வாரக் கூலி, ரேஷன் அரிசி, மீன் வாசனை என்று இங்கே தட்டைத் தீர்மானிக்கும் சங்கதிகள் வேறு.

முதலில், விதிக்கு ஆதரவான சாட்சி. அது உள்ளூர்க்காரருடையது. சென்னையின் நீரிழிவு மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, தென்கிழக்கு இந்தியாவில் 10 இடங்களில் வேலை பார்த்துவந்த 537 ஆண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தியது. எல்லோரும் 35 முதல் 55 வயதுக்குள் இருந்தவர்கள். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது என்ற நிலை. எப்படிச் சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை கொடுத்தார்கள். பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் கைப்பேசியில் குட்டிக் குட்டிக் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. இரண்டு ஆண்டுக்குப் பிறகு பார்த்தால், அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டிருந்தது. குறுஞ்செய்தி வாங்கியவர்களில் 18 சதவீதம். 2013இல் லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில் இது வெளியானது. புது மருந்து எதுவும் இல்லை. வாட்ஸ்அப் வீட்டுக்கு வீடு வராத காலத்து எஸ்.எம்.எஸ்., அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வென்றது ஏதோ ஒரு மந்திர வாக்கியம் அல்ல. சொன்னதையே சிறு சிறு துண்டாக, மறக்க விடாமல், மறுபடி மறுபடி சொன்னதுதான் வென்றது.

நீளமான பட்டியலுக்கு அந்த வசதி இல்லை. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. மொத்தம் 17 நெறிகள். 2,000 கலோரித் தட்டில் ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி-கீரை, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை-மீன்-இறைச்சி, 300 மில்லி பால் அல்லது தயிர், 35 கிராம் கொட்டை-விதை, 27 கிராம் எண்ணெய் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். நேர்மையான, பொறுப்பான வேலை. மருத்துவருக்கும் சத்துணவுத் திட்டம் போடுபவருக்கும் இது கட்டாயம் வேண்டும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு நாஷ்டா கடை முன்னால் நிற்பவருக்கு 17 நெறி என்பது ஏட்டுச் சுரைக்காய். அவர் முன்னால் இருப்பது பூரியா, இட்லியா, நாலா, ஆறா என்ற கேள்வி மட்டுமே.

ஜெர்மனியில் யுட்டா மாட்டா என்ற உளவியலாளரும் சகாக்களும் இதையே வேறு கோணத்தில் பார்த்தார்கள். எடை குறைக்க இரண்டு வெவ்வேறு முறைகளைப் பின்பற்றிய பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ‘விதிகள் தலையைச் சுற்ற வைக்கின்றன’ என்று நினைத்தவர்கள் சீக்கிரம் கைவிட்டது தெரிந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது. விதி எளிதாக இருந்தால் நீடிக்கிறார்கள். சரி. எளிதாக இருக்கும் விதி சரியானதாகவும் இருக்க வேண்டுமே?

தமிழ்நாட்டில் மிகப் பிரபலமான விதி எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: சுகர் வந்தால் ராத்திரி சப்பாத்தி. வடசென்னையில் இது கிட்டத்தட்ட சட்டம். அம்மா உணவகத்தில்கூட மாலையில் மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி என்று ஏற்பாடு உண்டு. ஆனால் சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு இந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டுவிட்டது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று 2025இல் வெளியான அதன் முடிவு சொன்னது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்ற புரதம் வந்தபோதுதான் அபாயம் குறைவாக இருந்தது. அதாவது, நாலு கரண்டி சோற்றுக்குப் பதிலாக ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு ‘நான் சோறே தொடுவதில்லை’ என்று சொல்பவர் விதியைக் காப்பாற்றியிருக்கிறார்; உடம்பைக் காப்பாற்றவில்லை.

இது சின்ன விஷயமில்லை. அதே ஆய்வு வரிசை 2023இல் சொன்ன கணக்கில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் மாநிலப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் உடல் எடை கூடியவர்கள்.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அவர் கையிலிருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று வாக்கு. கரும்பு இந்த ஊரில் இனித்தது என்பது கதை. இன்றைய ஒற்றியூருக்கு இனிப்பு அப்படி ஒரு நற்செய்தியாக வரவில்லை.

சோற்றுக்கே வருவோம். தேரடிப் பக்கம் மதியம் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தால் இலை விழும். தமிழ் இலைக்கு ஓர் அழகான இலக்கணம் உண்டு. மேல் பாதி பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளத்துக்கு. கீழ்ப் பாதி சோற்றுக்கு. அமெரிக்க அரசு தன் பழைய உணவுப் பிரமிடைத் தூக்கிப் போட்டுவிட்டு, தட்டில் பாதி காய்-பழமாக இருக்கட்டும் என்று படம் போட்டுக் காட்டியது 2011இல். நம் இலை அதை எப்போதோ வரைந்து வைத்துவிட்டது என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். பரிமாறுகிறவர் வரும்வரை. மேல் பாதியில் பீன்ஸ் பொரியல் விழுவது சின்னக் கரண்டியில், கோலப்புள்ளி அளவுக்கு. கீழ்ப் பாதியில் விழுவது அன்னக்கரண்டியில், குன்று. சாம்பாருக்கு ஒரு குன்று, காரக்குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. இடம் சரியாகத்தான் இருக்கிறது, கரண்டி சரியில்லை.

அதே கடையின் போர்டில் இன்னொரு வரி எழுதியிருக்கும்: ‘அளவுச் சாப்பாடு’. யோசித்தால் இது ஒரு முழு உணவு விதி, விலையோடு எழுதப்பட்டது. ஆனால் அதை யாரும் உடம்புக்கு நல்லது என்று கேட்பதில்லை. காசு குறைவு என்றுதான் கேட்கிறார்கள். மூட்டை சுமப்பவர் அளவுச் சாப்பாடு கேட்டால் சகாக்கள் கேலி செய்வார்கள். அவருடைய அப்பா காலத்தில் அந்தக் கேலி நியாயமானது. கப்பலிலிருந்து முதுகில் சுமந்து இறக்கியவருக்கு அந்தக் குன்று தேவைப்பட்டது. இன்று அதே துறைமுகத்தில் பெட்டியைத் தூக்குவது கிரேன். கிரேனை ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கிறார். குன்று மட்டும் குறையவில்லை.

அரிசிக்குக் காரணமும் உண்டு. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷனில் அரிசி இலவசம். பசியை விரட்டியதில் இந்தத் திட்டத்தின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அரிசி இலவசமாகவும் அவரைக்காய் காசுக்கும் கிடைக்கும் வீட்டில் ‘பாதித் தட்டு காய்கறி’ என்ற விதி கையைக் கடிக்கும். ஏழைக்கு விதி சொல்லும்போது சொல்பவர் ஒருமுறை மார்க்கெட் விலையைக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

இங்கே செலவே இல்லாத ஒரு விதியும் இருக்கிறது. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அதே சாப்பாடு, அதே அளவு. வரிசை மட்டும் மாற்றம். காயையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டு ரொட்டியைக் கடைசியில் எடுத்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறியது கணிசமாகக் குறைந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். அதற்குரிய அடக்கத்தோடுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பொரியலையும் மீனையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றில் கை வைப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆய்வு என்று சொன்னாலே நம்பிவிடவும் முடியாது. சின்னத் தட்டில் போட்டுச் சாப்பிட்டால் தானாகவே குறைவாகச் சாப்பிடுவோம் என்று உலகத்தையே நம்ப வைத்தவர்களில் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். புள்ளிவிவரங்களில் குளறுபடி கண்டுபிடிக்கப்பட்டு, அவருடைய பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2018இல் பதவி விலகுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. அவர் சொன்ன குறிப்புகள் மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

*

‘ஆயா சாப்பிட்டதைச் சாப்பிடு.’ வடசென்னையில் பாட்டி என்பது ஆயா. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் போலன் உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய விதியும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான்: கொள்ளுப்பாட்டி பார்த்தால் சாப்பாடு என்று அடையாளம் தெரியாத எதையும் வாயில் வைக்காதே என்பது அவர் கருத்து. பாக்கெட் தீனிக்கு எதிராக இது அருமையான வடிகட்டி. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, ஆலையில் மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவை இரண்டு வாரமும் வீட்டுச் சமையல் மாதிரியான உணவை இரண்டு வாரமும் கொடுத்துப் பார்த்தார். வேண்டியமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கூடினார்கள். 2019இல் வந்த முடிவு இது.

ஆயா விதிக்கு ராயபுரத்தில் ஒரு கோயிலே இருக்கிறது என்று சொல்லலாம். ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பழைய பெயர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. 1782இல், போரும் பஞ்சமும் சேர்ந்து அடித்த காலத்தில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். மருத்துவக் கல்லூரியாகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது 1930களில். கஞ்சியில் தொடங்கிய அந்த வளாகமே அண்மை ஆண்டுகளில் பழைய சோற்றைக் கையில் எடுத்தது. இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைத் துறையில் டாக்டர் எஸ்.ஜெஸ்வந்த் தலைமையிலான குழு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ந்தது. இரவு முழுக்க நீரில் ஊறிப் புளிக்கும்போது அதில் பெருகும் நுண்ணுயிர்கள் குடலுக்கு நண்பர்கள் என்பது அடிப்படை.

செய்தி வெளியே வந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. குடல் நோய்க்கு என்று தொடங்கிய ஆராய்ச்சி, சுகருக்கு, பிரஷருக்கு, மூட்டு வலிக்கு என்று யூடியூப்பில் வளர்ந்துகொண்டே போனது. பழைய சோறு நல்ல உணவு. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது சோறுதான். சர்க்கரை நோயாளி ஒரு சட்டி நிறையக் குடித்தால் அது ஒரு சட்டி சோறுதான். தொட்டுக்கொள்ளும் கருவாடு, மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய் மூன்றிலும் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் என்ற வரம்பு காலையிலேயே கரைந்துவிடும். ஆயா இதையெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றார். பேரன் அதையே சாப்பிட்டுவிட்டு டிரெய்லரில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான்.

அதோடு, யாருடைய ஆயா என்ற கேள்வியும் இருக்கிறது. பீச் ஸ்டேஷன் எதிரே சாயங்காலம் கூடும் அத்தோ கடைகளில் நின்று பார்த்தால் தெரியும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி அள்ளி, பொடியாக அரிந்த கோஸும் வெங்காயமும் போட்டு, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித்தண்ணி ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, மொறுமொறு பேஜோவை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்து நீட்டுவார்கள். பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டு 1964 வாக்கில் தமிழர்கள் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த சாப்பாடு இது. ‘நூடுல்ஸ் கூடாது’ என்ற விதிப்படி இது குப்பை. ‘ஆயாவுக்குத் தெரிந்த சாப்பாடு’ என்ற விதிப்படி, வியாசர்பாடி பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் இது பரம்பரைச் சொத்து. இரண்டு விதியும் எண்ணெயைக் கவனிக்கவில்லை. கோஸையும் வாழைத்தண்டையும் கவனிக்கவில்லை. ஒரு தட்டோடு நிறுத்தி, சூப்பை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்குகிறவர் இரண்டு விதிக்காரரையும்விடச் சாமர்த்தியசாலி.

மீன் விஷயத்தில் விதி இன்னும் தடுமாறுகிறது. வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடுங்கள் என்று அமெரிக்க இதய சங்கம் சொல்வதைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விலை எகிறும்போதுகூடக் குழம்பில் நெத்திலியாவது நீந்தும். வஞ்சிரத்துக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீன்கள், கவலையும் மத்தியும் நெத்திலியும், சத்தில் எதற்கும் குறைந்தவை அல்ல. ‘விலை குறைந்த மீனை வாங்கு, குழம்பு வை, வறுக்காதே’ என்பது இந்த ஊருக்குப் பொருந்துகிற நல்ல விதி.

ஆனால் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் அந்த விதியும் கைகொடுக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகும் வலையும் கருத்துப்போயின. அதற்கு முன்பே பல ஆண்டாக அனல்மின் நிலையச் சாம்பல் அந்த ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் மேயும் நண்டும் மட்டியும் உலோகங்களை உடம்பில் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. கழிமுகத்தில் தலைமுறையாய் இறால் தடவிப் பிடித்தவர்களுக்கு ‘உள்ளூர் உணவே உத்தமம்’ என்று எந்த வாயால் சொல்வது? ஆயா சாப்பிட்ட அதே இறால்தான். ஆயா காலத்து ஆறு இல்லை. இங்கே சாப்பிடுகிறவர் பின்பற்ற வேண்டிய விதி எதுவும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைப் பின்பற்ற வேண்டியவர்கள் பின்பற்றினால் போதும்.

*

அப்படியானால் எந்த விதி உருப்படும்? இந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில் ஒன்று புலப்படுகிறது. ‘நல்லதைச் சாப்பிடு, கெட்டதைத் தவிர்’ என்ற ரகம் எங்கேயும் நிற்பதில்லை. ஆர்டர் கொடுக்கும் நொடியில், பரிமாறும் நொடியில், ஒரு சொல்லாகவோ ஒரு கையளவாகவோ இருப்பது நிற்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் பெயரால் அறியப்படும் ஒரு முறையில், சர்க்கரை நோயாளிக்குத் தராசே கிடையாது: சோறு வகை இரண்டு முஷ்டி, மீன்-இறைச்சி ஒரு உள்ளங்கை, காய்கறி இரு கை கொள்ளும் அளவு, எண்ணெய் கட்டைவிரல் நுனி. ‘ஒரு கைப்பிடி பருப்பு, ஒரு குத்து கீரை’ என்று அளந்து பழகிய வீடுகளுக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை.

இன்னும் உறுதியானது, சாப்பிடுகிறவர் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லாத விதி. மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு எந்த உணவு நெறியும் தெரியாது. ஆனால் சத்துணவில் வாரத்துக்கு 5 முட்டை தட்டுக்கு வந்துவிடுகிறது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பாரோடு கிச்சடியோ பொங்கலோ வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் பட்டியல் போடும்போதே யோசித்துவிட்டார், அவ்வளவுதான்.

மணலியிலிருந்து எண்ணூர் வரை ஆலை கேன்டீன்கள் வரிசையாக இருக்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே பெரிய ஆலைகளில் கேன்டீனுக்கும், அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இனிப்பு வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பொரியல் கரண்டியையும் அன்னக்கரண்டியையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொரியலுக்குப் பெரியதை வாங்குங்கள். டீயில் சர்க்கரையை முன்கூட்டியே போடாமல் தனிக் கிண்ணத்தில் ஸ்பூனோடு வைத்துவிடுங்கள். வேண்டுகிறவர் போட்டுக்கொள்ளட்டும்.